ஆடிட் பதில்கள்

காலையில் அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி போட்டுவிடுவது என் வேலை. எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் மேல் கொக்கி மட்டும்தான் அவளுக்குப் பிடிபடாமல் போனது, பிறகு எல்லாமே. கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். "பாப்பா, சீக்கிரம் வா" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். நான் வாயில் பல்பொடி நுரையோடு ஓடிப்போய்ப் போட்டுவிடுவேன். "அந்த டெய்லர்காரி கொக்கிய ரொம்ப சின்னதா வெக்கிறா" என்பாள் அம்மா. டெய்லரை மாற்றினோம். கொக்கி பெரிதானது. அப்போதும் நான்தான் போட்டேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் மேஜையில் அம்மாவுக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி, தையல் லைனுக்கு அனுப்ப வேண்டும். சொல்யூஷன் என்பது பசை. பிரஷ்ஷால் தடவினாலும் ஓரத்தைச் சரிசெய்வது விரல்தான். விரலில் ஒட்டியதைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த துண்டை எடுப்பார்கள். அந்த வாசனை அவளோடு வீட்டுக்கு வரும். சாப்பாட்டுப் பையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். சின்ன வயதில் பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போனால் எனக்கு அம்மா ஞாபகம் வரும். அதைப் பள்ளியில் ஒருமுறை சொல்லி எல்லாரும் சிரித்ததிலிருந்து யாரிடமும் சொல்வதில்லை.

இப்போது தினமும் பஸ்ஸில் போய் வந்து வேலூரில் முதுகலை படிக்கிறேன். சுற்றுச்சூழல் மற்றும் தொழில்சார் சுகாதாரம். பெயரைச் சொன்னால் உறவில் யாருக்கும் விளங்குவதில்லை. "நர்ஸா?" என்பார்கள், அல்லது "முனிசிபாலிட்டில வேலை கெடைக்குமா?" என்பார்கள். அம்மா மட்டும் தன் வழியில் அதைப் புரிந்துகொண்டாள். "கம்பெனி கம்பெனியா போயி செக் பண்ற ஆபீசரு படிப்பு" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதாவது நான் ஆடிட்டர் ஆகப்போகிறேன். நானும் திருத்தவில்லை. திருத்த ஆரம்பித்தால் மாலை முழுதும் போய்விடும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஆடிட் என்றால் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவான். அதற்கு முன்பே கக்கூஸ் பளபளக்கும். எல்லாருக்கும் மாஸ்க், கையுறை வரும். சொல்யூஷன் டப்பாக்களுக்கு எங்கிருந்தோ மூடி வரும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார். வந்தவர்கள் காரில் ஏறிப் போனதும் மாஸ்க்கை மடித்துத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அம்மா பதில்களை மாற்றிச் சொல்லவே மாட்டாள், தடுமாறவும் மாட்டாள். அதனால் ஒவ்வொரு ஆடிட்டுக்கும் அவளைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டாவது செமஸ்டரில் கரைப்பான்கள் பற்றிய பாடம் வந்தது. திரையில் ஒரு கையின் படம். பசையிலும் தின்னரிலும் இருக்கும் சில கரைப்பான்கள் வருடக்கணக்கில் உடம்புக்குள் போனால் நரம்பின் நுனிகளைக் கெடுக்கும், விரல் நுனியும் கால் நுனியும் முதலில் மரத்துப்போகும் என்று எங்கள் ஆய்வுக்குக் கைடான பேராசிரியர் சொல்லிக்கொண்டு போனார். "ஆரம்பத்துல அவங்களுக்கே தெரியாது. சட்டை பட்டன் போட முடியல, ஊசி பிடிக்க முடியலன்னு சொல்வாங்க. வயசாச்சுன்னு நெனச்சுப்பாங்க." பக்கத்தில் சென்னைப் பெண், என் தோழி, மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தினமும் காலையில் அவள் முன்னால் நின்று கொக்கி போட்டுவிடுபவள் நான். கொக்கி சின்னது என்று டெய்லரோடு சண்டைபோட்டவளும் நான்தான். என் அம்மாவின் கையைப் பற்றி திரையில் ஒரு படம் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வகுப்பு முழுக்க நான் தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "அம்மா, கை மரத்துப் போறது சொல்யூஷனாலதான். டாக்டர்கிட்ட காட்டலாம்."

"வாய மூடு. வெளிய எங்கயும் சொல்லி வெக்காத" என்றாள். "கை சரியில்லன்னு தெரிஞ்சா பேஸ்டிங்லேர்ந்து எடுத்துடுவாங்க. அங்க போ, இங்க போன்னு அலைய வுட்டு, கடசில கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க. எத்தினி பேர பாத்திருக்கேன்."

அதனால்தான் ஆய்வுக்கு பேஸ்டிங் மேஜைகளை எடுத்தேன். அங்கே காற்றில் எவ்வளவு கரைப்பான் இருக்கிறது என்று அளப்பது, வேலை செய்பவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்பது. அளவு அதிகமாக இருந்தால் ஒவ்வொரு மேஜைக்கும் மேலே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் வைக்கச் சொல்லி அறிக்கை தரலாம் என்றார் கைடு. எனக்கு மார்க்கைவிட அந்தக் குழாய்தான் குறி. அம்மாவும் வாயைத் திறக்க வேண்டாம், யாரும் அவளை எடுக்கவும் மாட்டார்கள், காற்றே பேசிவிடும் என்று கணக்குப் போட்டேன். ரொம்பப் புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

மாணவர்களைக் கம்பெனிக்குள் விடவே மாட்டார்கள். அம்மாதான் சூப்பர்வைசரிடம் பேசினாள், அவர் மேனேஜரிடம் பேசினார். நம் தொழிலாளியின் பெண் படிப்புக்காக என்று அனுமதி கிடைத்தது. கைடிடம் ஊரில் தெரிந்தவர் மூலமாக என்று மட்டும் சொல்லிவைத்தேன். கம்பெனி பெயர் எங்கும் வரக்கூடாது என்றார்கள். அளவு சரியில்லையென்றால் குழாய் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் மேனேஜர் சொன்னார். அம்மா பல நாள் அதே பேச்சாக இருந்தாள். "எந்த ரூம்ல உக்காருவீங்க? டீ குடுக்கணுமா? உங்க சாரு கோவக்காரரா?" நான் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு பம்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு தீப்பெட்டிக் கட்டு அளவில் இருக்கும் சின்ன பம்ப் அது. இடுப்பில் மாட்டிவிட்டால் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றைக் காலரில் குத்திய ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக உறிஞ்சி, ஆவியை அதில் இருக்கும் கரித்தூளில் பிடித்து வைக்கும். குழாயை ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன, எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த நாள் காலை நானும் கைடும் தோழியும் உள்ளே போனோம். பேஸ்டிங் பகுதிக்குள் காலை வைத்ததுமே மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாசனையே இல்லை. தரை ஈரம் காயாமல் பளபளத்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பெண்கள் எல்லாரும் வெள்ளை மாஸ்க்கும் நீலக் கையுறையும் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். டப்பாக்களில் மூடி. மூடியைத் திறந்தால் உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஒரு பசை. தண்ணீரில் கரையும் பசை அது. காய நேரமாகும், வேலை ஓடாது என்பதால் ஆடிட்டுக்கு மட்டும்தான் எடுப்பார்கள் என்று அம்மாவே என்னிடம் முன்பு சொல்லியிருக்கிறாள்.

"இவ்ளோ நீட்டா இருக்கு! நம்ம லேபே இப்படி இல்லையே" என்றாள் தோழி. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

முதல் மேஜையில் அம்மா. இஸ்திரி போட்ட ஓவர்கோட், நெற்றியில் சின்னப் பொட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம், குட் மார்னிங் மேடம்" என்றாள். அந்த இரண்டாவது மேடம் எனக்கு. தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைடும் புன்னகைத்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பம்பை அவள் இடுப்பில் மாட்டக் குனிந்தபோது மெதுவாக, "என்னம்மா இது?" என்றேன். அவள் கண்ணைக்கூட அசைக்காமல் நேராக நின்றாள். ஆடிட்டரோடு தனியாகப் பேசக்கூடாது என்பது விதி.

பிறகு கேள்விகள். வரிசையில் யார் யாரிடம் யார் கேட்பது என்று முன்பே பிரித்திருந்தோம். அம்மாவைத் தோழி கேட்பதாக இருந்தது. அம்மா விடவில்லை. "இந்த மேடம் கேக்கட்டும் சார்" என்று என்னைக் காட்டினாள். மகள் கேட்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசை. எதிரில் உட்கார்ந்தேன். கைடு பின்னால் நின்றார்.

"வேலை செய்யும்போது தலைவலி, மயக்கம் வருமா?"

"வராது மேடம்."

"கண் எரிச்சல்?"

"இல்ல மேடம்."

"விரல் நுனி மரத்துப் போகுமா? ஊசி, பட்டன், கொக்கி மாதிரி சின்னப் பொருளைப் பிடிக்கக் கஷ்டமா இருக்கா?"

அன்று காலையில்தான் அவளுக்குக் கொக்கி போட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இல்ல மேடம். கை நல்லா இருக்குது."

என் பேனா நகரவில்லை. பதில் சொல்பவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நமக்குத் தெரிந்ததை எழுதக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா லேசாகக் குனிந்து, எனக்குத்தான் கேள்வி மறந்துவிட்டது போல, "இல்லன்னு எழுதிக்குங்க மேடம்" என்றாள். எழுதினேன். எனக்குப் பின்னால் கைடின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் அம்மாவை நினைத்துக் கூசினேன். அப்படிக் கூசுகிறேனே என்று இன்னும் கூசினேன். இரண்டையும் முகத்தில் காட்டாமல் அடுத்த மேஜைக்குப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். "எப்பிடி? ஒரு இடத்துல கூட மிஸ்டேக் இல்ல பாத்தியா? சூப்பர்வைசரு இன்னா பண்ணட்டும்னு கேட்டாரு. ஆடிட் மாதிரியே பண்ணிடுங்க சார், புள்ள பாசாவணும்னேன். தண்ணி சொல்யூஷன்ல வேலை ஓடாது. எல்லா பொண்ணுங்களும் உனக்கோசரம் சாப்பாட்டு நேரத்துலயும் எழுந்திருக்கல, தெரியுமா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அதுவும் இல்லை, நேராக வாய்க்கு வந்துவிட்டது. "யாரு உன்ன இதெல்லாம் பண்ணச் சொன்னா? நான் ஆடிட்டர் இல்லம்மா! தினமும் எப்படி இருக்கோ அப்படி இருக்கணும். நாத்தம் அடிக்கிறதத்தான் அளக்க வந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்ட!"

அம்மா கரண்டியோடு நின்றாள். "வூட்டுக்கு ஆளு வந்தா பெருக்கி வெக்க மாட்டாங்களா?" என்றாள். "உங்க சாரு முன்னாடி, அந்த மெட்ராஸ் பொண்ணு முன்னாடி, கைய தின்னர்ல தொடச்சிக்கினு மூக்க பொத்திக்கினு உக்கார சொல்றியா? உனக்கு அசிங்கமா இருக்காது?"

அசிங்கமாகத்தான் இருந்திருக்கும், அது எனக்கு நன்றாகவே தெரியும். வகுப்பில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ஆம்பூர் என்பேன். முதலில் பிரியாணி என்பார்கள். கொஞ்சம் பழகியதும், "தோல்ல என்ன வேலை, உங்க வீட்ல?" என்பார்கள். அந்தக் கேள்வி வேலையைப் பற்றியது அல்ல, வேறொன்றைத் தெரிந்துகொள்வதற்கானது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் காது சிவக்கும். அம்மாவுக்கு அந்தக் கேள்வியோடு என்னைவிட அதிக வருடப் பழக்கம். என்னை அதிலிருந்து காப்பாற்றத்தான் அவள் அத்தனை டப்பாக்களுக்கும் மூடி போட்டாள்.

"உன் படிப்புக்கு நான் இன்னா பண்ணணும்னு சொல்லு, அத பண்றேன். கத்தாத" என்றாள். கேசரியை இருவருமே சாப்பிடவில்லை.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. எல்லாக் கண்ணாடிக் குழாயிலும் ஒன்றும் இல்லாத மாதிரிதான். கைடு கணினியைப் பார்த்துவிட்டு, "நல்லதுதானே. பிரமாதமான கம்பெனி போலிருக்கு" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தால் எனக்குப் பட்டம் கிடைத்துவிடும். மேஜைகளுக்கு மேலே குழாய் மட்டும் எந்தக் காலத்திலும் வராது. அதுவும் என் பெயர் போட்ட அறிக்கையால்.

"சார், அது நிஜம் இல்ல" என்றேன். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், தோழியும் இருந்தாள். மாஸ்க், தண்ணீர்ப் பசை, ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டார். எங்கள் அம்மா என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தவர்தான் என் அம்மா என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கைடு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவங்க கை உண்மையில எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கொக்கியைப் பற்றிச் சொன்னேன். கணினியை மூடிவிட்டு, "காத்த இன்னொரு நாள் சொல்லாம போய் அளந்துக்கலாம். முதல்ல அவங்கள நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. அவர் எழுதிக் கொடுத்தா கம்பெனி சும்மா எடுத்துட முடியாது, நான் பேசறேன்" என்றார்.

அம்மா வரமாட்டேன் என்றாள். கைக்காக என்று சொன்னவரை வரமாட்டேன்தான். கடைசியில், "என் படிப்புக்கு இது வேணும்" என்றேன். உடனே லீவு சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வேலை செய்தது எனக்கே பிடிக்கவில்லை.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ந்துபோன பாலாற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க இன்னா கேப்பாங்க?"

"கையத் தொட்டா தெரியுதான்னு கேப்பாங்க."

"நான் இன்னா சொல்லணும்?"

"உண்மையச் சொல்லும்மா."

"அது சரி. கரெக்டா இன்னா சொல்லணும், அத சொல்லு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிகொண்டா வரும் வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் நிதானமானவர். அம்மாவை மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் ஒரு துண்டின் மேல் மல்லாக்க வைக்கச் சொன்னார். ஒரு பஞ்சை மெல்லிசாகத் திரித்து எடுத்தார். "கண்ண மூடிக்குங்கம்மா. பஞ்சு படறது தெரிஞ்சா 'தெரியுது'ன்னு சொல்லுங்க. எடுத்துட்டா 'இல்ல'ன்னு சொல்லுங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே தொட்டார்.

"தெரியுது சார்."

எடுத்தார். "இல்ல சார்." மணிக்கட்டில் தொட்டார். "தெரியுது." உள்ளங்கையில் தொட்டார். கொஞ்சம் தயங்கி, "தெரியுது" என்றாள். விரல்களுக்கு வந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் பஞ்சு படுவதை நான் பார்த்தேன். "தெரியுது சார்." நடுவிரல். "தெரியுது சார்." குரலில் ஆடிட் வந்துவிட்டது, அந்த உறுதி, அந்தத் தெளிவு.

டாக்டர் பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "இப்பம்மா?" என்றார்.

"தெரியுது சார்."

"இப்ப?"

"தெரியுது சார். நல்லாத் தெரியுது."

எனக்குக் காது வரை எரிந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். இங்கேயும் எனக்காகப் பொய் சொல்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு, தொடாத கையைக் காட்டிப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இப்படி ஒரு அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன காட்டுவது? எழுந்துவிட்டேன்.

"அம்மா, போதும்! கண்ணத் தொற. அவரு எங்க தொடறாருன்னு நீயே பாரு."

அம்மா கண்ணைத் திறந்தாள். மாட்டிக்கொண்டவள் சிரிப்பதுபோல் சிரிப்பாள், இல்லை என்மேல் எரிந்து விழுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். டாக்டரின் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு துண்டின் மேல் கிடந்த தன் விரல்களை, யாருடையதோ போல, வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப சார் எடுத்தீங்க?" என்றாள்.